உங்களுக்குத் தெரியுமா? ஆடிக்காற்றும் செம்மண் புழுதியும்

ஆடி மாதத்தில் திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கமோ மயிலம் பக்கமோ வண்டியில் போய் வந்தவர்களுக்குப் புழுதியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கண்ணில் விழும், பல்லில் நறநறக்கும், வெள்ளைச் சட்டை காவியேறும். ஆனால் அந்தப் புழுதி எப்படி எழுகிறது, எவ்வளவு தூரம் போகிறது, மழையை என்ன செய்கிறது என்று ஆராய்வதற்கே வாழ்நாளைக் கொடுத்த அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் விழுப்புரம் மாவட்டத்துக்கு நெருக்கமான சிலவற்றை இங்கே தருகிறோம்.

நுண்புழுதி தானாக எழாது

மண்ணிலேயே மிக நுண்ணிய துகள்தான் முதலில் பறக்கும் என்று நினைப்போம். உண்மை வேறு. மாவு போன்ற நுண்துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு தரையோடு படிந்து கிடக்கும். காற்று மேலே தடவிக்கொண்டு போனாலும் அசையாது. பெரிய மணலோ எடை காரணமாக நகராது. இரண்டுக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல்தான் முதலில் கிளம்புகிறது. அது பறந்தும் போய்விடுவதில்லை. கணுக்கால் உயரத்துக்கு எழும்பி, காற்றோடு கொஞ்ச தூரம் போய்த் தரையில் மோதுகிறது. கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் பட்டுக் காய்கள் சிதறுவதுபோல், அந்த மோதலில்தான் கெட்டிப்பட்டிருந்த நுண்புழுதி உடைந்து மேலெழுகிறது. மணல் அருகிலேயே விழுந்துவிடும். புழுதி ஊர் கடந்து, சில நேரம் கடல் கடந்தும் போகும்.

இந்த மணல் குதிப்பைக் கணக்கோடு விளக்கியவர் ரால்ஃப் பேக்னால்டு. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளரான அவர், 1920களிலும் 30களிலும் லிபியப் பாலைவனத்தை ஃபோர்டு கார்களில் சுற்றினார். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் அமைத்து மணலை ஓடவிட்டுப் பார்த்தார். 1941இல் வெளிவந்த அவருடைய புத்தகம் இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை நூல். செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்கிறவர்கள்கூட அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இரண்டு மடங்கு காற்று, எட்டு மடங்கு மண்

காய்ந்து தளர்ந்த மணலை நகர்த்த, மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில் வீசும் காற்றே போதும். அதற்கு மேல் நிலைமை வேகமாக மாறும். பேக்னால்டு கணக்குப்படி, காற்று சுமக்கும் மணலின் அளவு காற்று வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் மண் எட்டு மடங்கு போகும். ஆண்டு முழுவதும் வீசும் மென்காற்று எடுக்காத மண்ணை, ஆடியில் நாலைந்து நாள் பலமாக வீசும் காற்று எடுத்துவிடுகிறது.

அதே மணலில், எடைக்கு நூற்றில் ஓரிரண்டு பங்கு ஈரம் இருந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். ஈரம் மணலைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

ஆடியில் மட்டும் ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கி வரும் மேல்காற்று சூடாகவும் வறண்டும் இருக்கிறது. நமக்குப் பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான். கோடையில் காய்ந்த நிலம், அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் கொல்லை, பலத்த காற்று ஆகிய மூன்றும் ஆடியில் ஒன்றுசேர்கின்றன. மானாவாரி மல்லாட்டைக்காக (நிலக்கடலைக்காக) உழுது புழுதியாக்கி வைப்பதும் இதே பட்டத்தில்தான்.

மல்லாட்டைக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் எல்லாம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியவை. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 பல பத்தாண்டுகள் ஆந்திரம் வரைக்கும் பரவி நின்றது. தளர்ந்த செம்மண்ணில்தான் நிலக்கடலையின் ஊசி சுலபமாக மண்ணுக்குள் இறங்கும். அதே தளர்ச்சிதான் அந்த மண்ணைக் காற்றுக்கும் எளிதாக்குகிறது. காற்று கொண்டுபோவது வெறும் மண்ணல்ல. மக்கும் சத்தும் ஒட்டியிருக்கும் நுண்பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய், பருமணலை நமக்கு விட்டுவைக்கிறது. மண்வெட்டியால் அளக்க முடியாத இழப்பு இது. கொல்லையின் மேல்மட்டம் அப்படியே இருப்பதுபோல் தெரியும். விளைச்சல் மட்டும் வருடத்துக்கு வருடம் இறங்கும்.

கோடை மழைக்கு முன்னால் வரும் புழுதிச்சுவர்

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடி இடிக்கும். மழை வருவதற்குள் ஒரு குளிர்ந்த காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அறையும். மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. அப்போது காற்று குளிர்ந்து கனத்துக் கீழே விழுகிறது. தரையில் பட்டு நாலா பக்கமும் பாய்கிறது. பெரிய அளவில் வடஇந்தியாவைத் தாக்கும் ‘ஆந்தி’யும், சூடானின் ‘ஹபூப்’பும் பெரும்பாலும் இதே வகைதான். 2018 மே 2ஆம் தேதி இரவு ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் வீசிய புழுதிப்புயலிலும் இடிமழையிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் இறந்தது வீட்டுச்சுவரும் மரமும் மேலே விழுந்ததால். புழுதிச்சுவர் கிளம்புவதைக் கண்டால் புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

நண்பகலில் பொட்டல் வெளியில் சுழன்றெழும் சூறைக்காற்று இதிலிருந்து வேறுபட்டது. மேகமே தேவையில்லை, சூடேறிய தரை போதும். 2021 செப்டம்பர் 27 அன்று செவ்வாயில் அப்படி ஒன்று பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மேலேயே கடந்துபோனது. அதன் உயரம் சுமார் 118 மீட்டர். ஊர்தியிலிருந்த மைக், துகள்கள் மோதும் ஓசையைப் பதிவு செய்தது.

புழுதிக்கட்டியும் கண்ணாடியும் ஒரே விதமாக உடைகின்றன

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருக்கும் ஜாஸ்பர் காக் ஒரு காலநிலை அறிவியலாளர். குதிக்கும் மணல் மோதும்போது மண்கட்டி எந்தெந்த அளவில் துகள்களாகும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருள்கள் உடையும்போது, சிறு துண்டு எத்தனை, பெருந்துண்டு எத்தனை என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. மண்கட்டியும் அதே ஒழுங்கில் உடைகிறது என்று 2011இல் அவர் காட்டினார். உலகக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் நுண்துகள்களை அதிகமாகவும் பருமனான துகள்களைக் குறைவாகவும் எடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

2020இல் ஆய்வாளர் அடெயெமி அடெபியியும் காக்கும் விமான அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வளிமண்டலத்தில் மிதக்கும் பருமனான துகள்கள் சுமார் 1.7 கோடி டன். மாதிரிகள் சொன்னதோ வெறும் 40 லட்சம் டன்! இவ்வளவு கனமான துகள்கள் ஏன் விழாமல் இத்தனை தூரம் போகின்றன என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. காக்கின் குழு 2023இல் வெளியிட்ட இன்னொரு முடிவு நம் கவனத்துக்குரியது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் வளிமண்டலப் புழுதி சுமார் 55 விழுக்காடு கூடியிருக்கிறது. எந்த நேரத்திலும் நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 2.6 கோடி டன் மண் மிதந்துகொண்டிருக்கிறது.

மண்ணின் நிறமும் வெயிலும்

புழுதி வெயிலைத் திருப்பி அனுப்பி பூமியைக் குளிர்விக்கவும் செய்யும், உறிஞ்சிச் சூடாக்கவும் செய்யும். எதைச் செய்யும் என்பது பெருமளவு நிறத்தைப் பொறுத்தது. இரும்பு ஆக்சைடு நிறைந்த சிவந்த புழுதி அதிகம் உறிஞ்சும்; வெளிறிய புழுதி திருப்பி அனுப்பும். மொத்தத்தில் பார்த்தால் புழுதி கொஞ்சம் குளிர்விப்பதாகவே காக் குழு கருதுகிறது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு இடைவெளி இருக்கிறது. எந்த நிலத்தில் என்ன தாது இருக்கிறது என்று பார்க்கவே, 2022 ஜூலையில் ‘எமிட்’ என்ற கருவியை நாசா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது.

அரேபியப் புழுதி நம் நாட்டுக்கு மழை தருகிறது

புழுதி என்றாலே தீங்கு என்று முடிவு கட்டிவிட முடியாது. ஐ.ஐ.டி. புவனேஸ்வரத்தைச் சேர்ந்த வி. வினோஜ், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2014இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேற்காசியாவிலும் அரபிக்கடல் மேலும் புழுதி கூடும்போது, ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் நடு இந்தியாவில் மழை கூடுகிறது என்பது அதன் முடிவு. புழுதி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று மேலெழ, அந்த இழுப்பில் கடலின் ஈரக்காற்று இந்தியாவை நோக்கி விரைகிறது. ராஜஸ்தானுக்கும் அப்பால் கிளம்பும் மண் நடு இந்தியாவில் ஏரி நிரம்புவதோடு தொடர்புடையது என்று நம் தாத்தாக்களிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

வானில் மிதக்கும் துகள்களையும் பருவமழையையும் சேர்த்துப் பார்க்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னவர் வீரபத்ரன் ராமநாதன். அவர் பொறியியல் படித்தது, விழுப்புரமும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 1999இல் இந்தியப் பெருங்கடலில் நடந்த ‘இண்டோயெக்ஸ்’ ஆய்வுப் பயணத்தில், தெற்காசியாவைப் போர்த்திய பழுப்பு மேகம் உலகின் கண்ணுக்கு வந்தது. அதில் புகையும் கரியும்தான் முக்கியம். புழுதியும் ஒரு பங்கு.

வற்றிய ஏரி உலகுக்கு உரம் போடுகிறது

ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் போடெலே என்றொரு பள்ளம். ஒரு காலத்தில் பெரிய ஏரி. இன்று அதன் தரையில் காய்ந்து கிடக்கும் நுண்பாசிகளின் ஓடுகளைக் காற்று அள்ளுகிறது. உலகிலேயே மிகுதியாகப் புழுதி எழும் இடம் அதுதான். சஹாராவிலிருந்து கிளம்பும் புழுதியில் ஆண்டுக்குச் சுமார் 2.77 கோடி டன் அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் படுகையில் விழுகிறது என்றும், அதோடு 22,000 டன் பாஸ்பரஸும் போய்ச் சேர்கிறது என்றும் நாசாவின் செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து 2015இல் கணக்கிட்டார்கள். மழை அடித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸை ஏறக்குறைய இதுவே ஈடுகட்டுகிறது. சார்லஸ் டார்வின் 1832இல் கேப் வெர்டே தீவருகே கப்பலின் மேல் விழுந்த இதே ஆப்பிரிக்கப் புழுதியைச் சேகரித்து, 1846இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

வற்றிய ஏரிப்படுகைதான் புழுதியின் முதல் ஊற்று என்பதால், மரக்காணத்தை ஒட்டிய கழுவெளியை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். தமிழகத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் கரைப்புல்லும் கோரையும் பறவைக்கு மறைவிடம் தருகின்றன. கோடையில் தரையைக் கட்டிப்பிடித்திருப்பதும் அவைதான்.

மணல் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது?

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மண்ணுக்குள் புதைந்திருக்கும் குவார்ட்சு மணல், சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்திலிருந்து ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு முழுதும் வடிந்துவிடும். மறுபடி புதைந்தால் கணக்கு மறுபடி தொடங்கும். எனவே மணலை இருட்டிலேயே குழாய் அடித்து எடுத்து, ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சி, அது உமிழும் மங்கிய ஒளியை அளந்தால், அந்த மணல் கடைசியாக எப்போது வெயிலில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். காற்று சுமந்த மணலுக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும்; பறக்கும்போது ஒவ்வொரு மணியும் வெயிலில் குளித்துவிடுகிறதே!

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அசோக் சிங்வி, 1982இல் தார்ப் பாலைவன மணல்மேடுகளின் வயதை வெப்ப ஒளிர்வு முறையில் கணித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். 30 ஆண்டுக்குப் பின், ஜயங்கொண்டபெருமாளும் சிங்வியும் இன்னும் சில ஆய்வாளர்களும் தமிழகத் தென்கிழக்குக் கடற்கரையின் செம்மணலை இதே வழியில் ஆராய்ந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளின் செம்மணல் மேடுகள் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,500 ஆண்டுகளுக்கு முன்புவரை காற்றால் குவிந்தவை என்று தெரியவந்தது. அந்தத் தேரிகளில் கற்கால மனிதர்கள் விட்டுப்போன நுண்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் ஸாய்னரும் பிரிஜெட் ஆல்சினும் 1956இலேயே எழுதியிருந்தார்கள். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் 3,85,000 ஆண்டுப் பழமையான கற்கருவி மரபை 2018இல் உலகம் அறிந்ததும் இந்த ஒளிர்வு முறையால்தான்.

நம் மாவட்டத்துத் திருவக்கரையில் மண்ணுக்கு வேறு வரலாறு. வராக நதிக்கரையில் சுமார் 247 ஏக்கர் தேசியக் கல்மரப் பூங்காவில் கிடக்கும் மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயதானவை. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதினார். கிளையும் இலையும் பட்டையும் இல்லாமல் கிடைமட்டமாகக் கிடப்பதால், இவை வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்கிறார்கள் நிலவியலாளர்கள். வெள்ளம் கொண்டுவந்த மணலைக் காற்று பின்னர் எடுத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது, தென்பெண்ணை வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த இடத்தில் படியும் வண்டல் காய்ந்து தளர்ந்தால், அடுத்த கோடைக்காற்றுக்கு அது தயாராக இருக்கும் புழுதி.

சுமத்ராவின் சாம்பல்

காற்று சுமப்பது மண்ணை மட்டுமல்ல, எரிமலைச் சாம்பலையும்தான். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. காற்றில் வந்த அதன் சாம்பல் ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டம் ஜ்வாலாபுரத்தில் இன்றும் வெள்ளைப் படுகையாகக் கிடக்கிறது.

சிவந்த பொட்டல் காடாகும்

1968இல் ஆரோவில் தொடங்கியபோது, வானூர் வட்டத்தின் அந்த மேட்டுநிலம் மரமற்ற செம்மண் பொட்டல். மழைக்காலத்தில் மண் ஓடைவழியே கடலுக்கு ஓடியது. கோடையில் காற்றோடு போனது. முதலில் வந்தவர்கள் கட்டடத்துக்கு முன் வரப்பைக் கட்டினார்கள், குழி தோண்டி நீரைத் தேக்கினார்கள், மரம் நட்டார்கள். உள்ளூர்க் கிராமத்து ஆட்களின் உழைப்பும் சேர்ந்தது. இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் தேடிப்பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் நிலத்தின் நிறமே மாறிவிட்டது. நம் மாவட்டத்துச் செம்மண்ணைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

முழுச்சுவரைவிட இடைவெளியுள்ள வேலி நல்லது

காற்றை முழுதாக அடைத்துவிடும் மதிலுக்குப் பின்னால் காற்று சுழன்று மண்ணைக் கிளப்பும். பாதி காற்றை வடிகட்டி விடும் மரவரிசைதான் சிறந்த காப்பு. மரத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு தூரத்துக்கு அதன் பாதுகாப்பு நீளும். பனை மட்டும் நின்றால் காற்று அடியில் புகுந்துவிடும். பனைக்கு இடையில் கிளுவையோ நொச்சியோ வைத்தால் வேலி முழுமையாகும். விழுப்புரமும் கடலூரும் பெருமளவில் வளர்க்கும் சவுக்கு, காற்றைத் தடுக்க நல்ல மரம். கடற்கரை மணல்மேட்டுக்கோ இராவணன் மீசைப் புல்லும் அடும்பங்கொடியும் போதும். அவற்றைப் பிடுங்கிப்போட்டு மேட்டைச் சமன்படுத்துவதுதான் கடற்கரையோர ஊர்களுக்கு நாம் செய்யும் பெரிய கேடு.

புல்வெளியை உழுது போட்டுவிட்டு வறட்சியில் சிக்கிய அமெரிக்க நடுநிலம் 1930களில் இந்தப் பாடத்தை மிகக் கடுமையாகக் கற்றது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலே இருண்டது. இரண்டே வாரத்தில் மண்காப்புச் சட்டம் வந்தது, பின் சுமார் 22 கோடி மரங்கள் நடப்பட்டன. நம் நாட்டில் 1952இல் ஜோத்பூரில் தொடங்கிய பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம், 1959இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து, மணல்மேடுகளை மரம் நட்டு நிறுத்தும் வழிகளைச் சொல்லிக்கொடுத்தது.

கிரஷர் புழுதிக்குக் காற்றின் மேல் பழிபோட முடியாது

வானூர், திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளிலும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களிலும் எழும் வெண்புழுதி இயற்கையின் வேலையல்ல. செம்மண் புழுதியைவிட அது ஆபத்தானது. புதிதாக உடைந்த கல்லின் சிலிக்காத் துகள், சில மைக்ரான் அளவில் இருந்தால் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. வராமல் தடுப்பது ஒன்றே வழி. பத்து மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய வரம்பு; உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 45தான்.

இயந்திரத்தை மூடிவைக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், காற்றுத் தடுப்புச் சுவர் வேண்டும், வளாகத்துக்குள் கெட்டியான சாலை வேண்டும், சுற்றிலும் மரவரிசை வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. நூற்றுக்கு ஓரிரண்டு பங்கு ஈரம் மணலையே நிறுத்தும்போது, தண்ணீர் தெளிப்பான் வைக்காததற்கு எந்தச் சமாதானமும் ஏற்க முடியாதது. உங்கள் ஊர்ப்பக்கம் தார்ப்பாய் போடாமல் லாரி போனால், தெளிப்பான் ஓடாமல் கிரஷர் ஓடினால், தேதியும் நேரமும் குறித்துப் படத்தோடு மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் முகத்தில் துண்டு கட்டினால் போதாது. நுண்துகளை வடிகட்டும் முகக்கவசம் தேவை.

ஜூலை 12

மணல், புழுதிப் புயல்களை எதிர்கொள்வதற்கான பன்னாட்டு நாளாக ஜூலை 12ஐ ஐ.நா. 2023இல் அறிவித்தது. ஆண்டுதோறும் சுமார் 200 கோடி டன் புழுதி வானேறுகிறது என்கிறது உலக வானிலை அமைப்பு. அந்த நாள் கடந்து ஐந்தாறு நாளில் நமக்கு ஆடி பிறக்கும். மல்லாட்டைக்கு உழப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மழை ஈரம் கிடைத்த பிறகு உழுங்கள், மேல்காற்றுக்குக் குறுக்கே சால் ஓட்டுங்கள், முந்தைய பயிரின் தட்டையைக் கொளுத்தாமல் கொல்லையிலேயே விடுங்கள், மேற்கு வரப்பில் இந்த ஆண்டே ஒரு வரிசை மரக்கன்று வையுங்கள்.